நெஞ்சுப் படமும் அதைப் படிக்கும் படிப்பும்

மர்பி டவுனில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சென்ற ஆண்டு அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பெண் எம்.பி.பி.எஸ். முடித்து, நுழைவுத் தேர்வும் எழுதி, கதிர்ப்படவியலில், அதாவது ரேடியாலஜியில் எம்.டி. படிக்க இடம் பெற்றிருந்தாள். தெருவே மகிழ்ந்தது. பாட்டிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"ஏண்டி கண்ணு, இவ்ளோ படிச்சிட்டு எக்ஸ்ரே எடுக்கறதுக்கா போற? அதுக்கு இன்னும் மூணு வருஷமா?"

"எடுக்கறது டெக்னீஷியன், பாட்டி. நான் அதைப் படிக்கக் கத்துக்கப் போறேன்."

"அதுல படிக்க என்ன இருக்கு? உங்க தாத்தா படத்தைத் தூக்கி வெளிச்சத்துல காட்டினாங்க. வெள்ளையா இருக்கு, டி.பி.ன்னாங்க. அவ்வளவுதானே?"

அந்தத் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். வேலை விட்டு பெங்களூர் வந்த பிறகு இருமலும் மூச்சிரைப்பும் அவரை வாட்டின. ஒரு மருத்துவமனையில் படம் எடுத்து, காசநோய் என்றார்கள். ஊசியும் மாத்திரையும் மாதக்கணக்கில் நடந்தன. வீட்டில் தட்டு தனி, டம்ளர் தனி. பேரப்பிள்ளைகளை மடியில் வைக்கவும் தயங்கினார். நோய் குறையவில்லை என்று இரண்டாம் முறையும் அதே மருந்து. சளியில் ஒரு முறைகூடக் காசநோய்க் கிருமி தென்படவில்லை. சில ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவர், "ஐயா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அது காசநோய் அல்ல, கல் தூசியால் வந்த சிலிகோசிஸ் என்று தெரிந்தது. அதற்குள் உடம்பும் போய்விட்டது, இழப்பீடு கேட்கும் காலமும் போய்விட்டது.

அந்தப் பழைய படங்கள் காவி நிற உறையில் இன்றும் பீரோவின் மேல் இருக்கின்றன. பாட்டியின் கேள்விக்கு அந்த உறையே பதில். நெஞ்சுப் படத்தைப் படிப்பது அத்தனை எளிதான வேலை அல்ல. அதற்கான மருத்துவரை எப்படிப் பயிற்றுவிக்க வேண்டும், பாடத்திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது கல்லூரிப் பேராசிரியர்கள் மட்டும் பேசும் விஷயமும் அல்ல. அதன் பலனையும் பிழையையும் சுமப்பவர்கள் நம்மைப் போன்ற குடும்பங்கள்தாம்.

எடுப்பது வேறு, படிப்பது வேறு

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அது ஒரு நிழற்படம். கதிர் உடலை ஊடுருவிச் செல்லும்போது எலும்பு அதிகம் தடுக்கிறது, காற்று மிகக் குறைவாகத் தடுக்கிறது. ஆகவே விலா எலும்பு வெள்ளையாகவும், காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும் தெரிகின்றன. தசை, இரத்தம், நீர், சீழ் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. நுரையீரலில் சளி கட்டினாலும் வெள்ளை, நீர் கோத்தாலும் வெள்ளை, கட்டி வந்தாலும் வெள்ளை, பழைய நோய் ஆறிய தழும்பும் வெள்ளைதான். 'வெள்ளையாக இருந்தால் டி.பி.' என்று சொல்லிவிட முடியாது.

படம் எடுத்த விதமும் கண்ணை ஏமாற்றும். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று டெக்னீஷியன் ஏன் சொல்கிறார் தெரியுமா? மூச்சை முழுதாக இழுக்காவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாகவும், இதயம் பெரிதாகவும் தெரியும். நிற்க முடியாமல் படுத்தபடி எடுத்த படத்திலும் இதயம் பெருத்துக் காணும். நம் பெண்களின் அடர்த்தியான பின்னல் தோளின் மேல் விழுந்திருந்தால், அதன் நிழல் நுரையீரலின் உச்சியில் ஒரு வெள்ளைத் திட்டாகப் பதியும். காசநோய் பெரும்பாலும் தொடங்கும் இடமும் அந்த உச்சிதான்! தாலிச் சங்கிலி, தாயத்து, சட்டைப் பொத்தான் எல்லாம் இப்படியே.

எனவே பயிற்சியின் முதல் பாடம் நோய் அல்ல, நலமான நெஞ்சு. ஒல்லியானவர், பருத்தவர், குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்று நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான நலமான படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் நலமில்லாதது எது என்று தெரியும். நல்ல நோட்டுகளை எண்ணி எண்ணிப் பழகிய வங்கிக் காசாளரின் விரல், கள்ள நோட்டு வந்ததும் தானாக நின்றுவிடுகிறதல்லவா? அது போல.

கற்றவர்களும் தவறுகிறார்கள்

இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்காவில் ஒரு கேள்வி எழுந்தது. கூட்டங்கூட்டமாக மக்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்ய எந்த அளவு படம் சிறந்தது? பெரிய படமா, சிறிய படமா? 1,256 பேரை நான்கு முறைகளில் படம் எடுத்து, அனுபவமிக்க ஐந்து மருத்துவர்களிடம் தனித்தனியாகப் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு 1947-இல் வெளியானது. படங்களின் அளவால் வந்த வேறுபாட்டைவிட, படித்தவர்களுக்கு இடையே இருந்த வேறுபாடு பெரிதாக இருந்தது! அதைவிட வியப்பு, அதே மருத்துவரிடம் அதே படத்தைச் சில காலம் கழித்து மீண்டும் கொடுத்தபோது, தாம் முன்பு சொன்னதையே மாற்றிச் சொன்னார். கணித அறிஞர் எருஷால்மியும் மற்றவர்களும் செய்த இந்த ஆய்வு மருத்துவ உலகை அதிர வைத்தது.

இது பழைய காலத்துக் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2013-இல் அமெரிக்காவில் 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் நெஞ்சு சி.டி. ஸ்கேன் படங்களைக் கொடுத்து, நுரையீரலில் சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். ஒரு படத்தில் கொரில்லாக் குரங்கின் உருவத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் வழக்கமாகத் தேடும் கட்டியைப் போல அது 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் அதைப் பார்க்கவே இல்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண் அந்த இடத்தின் மேல் நேராகப் பதிந்திருந்தது என்பதையும் கருவி காட்டியது. மனம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போது கண் பார்ப்பதை மனம் வாங்கிக்கொள்வதில்லை.

அறியாமை மட்டுமே பிழைக்குக் காரணம் அல்ல என்பது இவற்றிலிருந்து தெரிகிறது. மனிதக் கண்ணுக்கும் மனத்துக்கும் இயல்பான குறை இது. புத்தகங்களைக் கூட்டிப் படித்தால் மட்டும் தீராது. தன் கண் எங்கே தவறும் என்று ஒவ்வொரு மருத்துவரும் தெரிந்துகொள்ளும்படி பயிற்சி அமைய வேண்டும்.

நம் பெங்களூரில் நடந்த ஆய்வு

இந்த விஷயத்தில் உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வொன்று நம் நகரில்தான் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெல்லாரி ரோட்டில் 'அவலான்' என்ற பழைய மாளிகையில் தேசியக் காசநோய் நிறுவனம் இருக்கிறது. 1959-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தைப் பிரதமர் நேரு 1960 செப்டம்பரில் முறைப்படி திறந்து வைத்தார். 1962-இல் உருவான தேசியக் காசநோய்த் திட்டத்துக்கு அடித்தளம் போட்டது இந்த நிறுவனமே.

இங்கிருந்த டாக்டர் நாக்பாலும் அவருடன் பணியாற்றியவர்களும் பெங்களூர் நகரக் காசநோய் மருத்துவமனைக்கு வந்த வெளிநோயாளிகளை ஆராய்ந்து, 1970-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியிட்டார்கள். மொத்தம் 2,229 பேருக்கு நெஞ்சுப் படம் எடுத்தார்கள். சளியையும் சோதனைச் சாலையில் வளர்த்துப் பார்த்தார்கள். படத்தைப் பார்த்து 'காசநோய்' என்று முடிவு செய்யப்பட்டவர்கள் 227 பேர். அவர்களில் 81 பேரின் சளியில் கிருமி வளரவில்லை. அதாவது நூற்றுக்கு 36 பேர். மறுபுறம், படத்தில் காசநோய் இல்லை என்று ஒதுக்கப்பட்ட 2,002 பேரில் 31 பேரின் சளியில் கிருமி இருந்தது.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். சளியில் கிருமி வளராத எல்லோருக்கும் நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் படத்தை மட்டும் நம்பி மருந்து கொடுத்தால், மூன்றில் ஒருவருக்கு மேல் தேவையில்லாமல் மருந்து தின்ன நேரிடலாம். எங்கள் தெருத் தாத்தாவைப் போல. அதே சமயம், நோயுள்ள 31 பேர் 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குப் போய், தம் மனைவி மக்களுக்கும் நோயைப் பரப்பியிருக்கக் கூடும்.

அப்படியானால் எக்ஸ்ரே வேண்டாமா? அதுவும் தவறு. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் காசநோய்க் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதில் முக்கியப் பங்கேற்றது. நெஞ்சுப் படம் எடுக்காமல், இருமல், காய்ச்சல் போன்ற அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால், கிருமி உறுதியான நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் தப்பியிருப்பார்கள் என்று அந்தக் கணக்கெடுப்பு காட்டியது. அவர்கள் இருமவில்லை. படம்தான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

ஆக, இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை புலப்படும். சந்தேகத்தை எழுப்புவதில் நெஞ்சுப் படம் வல்லது. தீர்ப்புச் சொல்வதற்கு அது மட்டும் போதாது. போலீஸ்காரர் பிடித்து வரலாம், தண்டனை கொடுப்பவர் நீதிபதி. இந்த எல்லையை உணர்ந்த மருத்துவரை உருவாக்குவதுதான் பாடத்திட்டத்தின் உயிர்.

பாடத்திட்டம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

நம் நாட்டில் எம்.டி. ரேடியாலஜி மூன்று ஆண்டுப் படிப்பு. தலை முதல் கால் வரை எல்லா உறுப்புகளையும், எக்ஸ்ரே, ஸ்கேன், எம்.ஆர்.ஐ. என எல்லாக் கருவிகளையும் அந்த மூன்று ஆண்டுகளில் கற்க வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளில் பொதுப் பயிற்சி முடித்தபின், நெஞ்சுப் பகுதிக்கென்றே ஓராண்டு தனிப் பயிற்சி பெறும் வழக்கம் உண்டு. நம் நாட்டிலும் சில பெரிய மருத்துவமனைகளில் இத்தகைய சிறப்புப் பயிற்சி வந்துவிட்டது.

பாடத்திட்டம் வகுப்பவர்கள் சாதாரணமாகப் புத்தகத்தின் பொருளடக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குவார்கள். நல்ல முறை அதற்கு நேர்மாறானது. பயிற்சி முடித்து ஒரு மாவட்ட மருத்துவமனையில் முதல் நாள் உட்காரும்போது இந்த மருத்துவர் முன் யார் யார் வந்து நிற்பார்கள்? அவர்களுக்கு இவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

மேலை நாட்டுப் புத்தகத்தில் நுரையீரல் புற்றுநோய்க்கும், இரத்தக் குழாய் அடைப்புக்கும் அதிகப் பக்கங்கள் இருக்கும். அவையும் தேவைதான். ஆனால் உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நம் பயிற்சியில் காசநோயின் எல்லாக் கோலங்களும் வர வேண்டும். குழந்தைக்கு வருவது ஒரு விதம், சர்க்கரை நோயாளிக்கு வருவது ஒரு விதம், எச்.ஐ.வி. உள்ளவருக்கு வருவது வேறு விதம். ஆறிய தழும்புக்கும் உயிருள்ள நோய்க்கும் வேறுபாடு தெரிய வேண்டும். விறகடுப்புப் புகையில் காலமெல்லாம் சமைத்த தாய்மார்களின் நுரையீரல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும்.

அடுத்து, தொழிலால் வரும் நோய்கள். மர்பி டவுன், அல்சூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தங்கவயலில் உறவு உண்டு. அந்தச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுவிட்டன. ஆனால் அங்கே பூமிக்கடியில் கல்லைத் துளைத்தபோது மூச்சில் போன தூசி இன்னும் சிலரின் நெஞ்சில் இருக்கிறது. இந்தியாவில் சிலிகோசிஸ் நோயை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்த இடங்களில் தங்கவயல் முக்கியமானது. சுரங்கம் மூடினாலும் கல்குவாரியும், கல் அறுக்கும் பட்டறையும், கட்டட வேலையும் நம்மைச் சுற்றி நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

சிலிகோசிஸ் படத்தில் எப்படித் தெரியும்? இரண்டு பக்க நுரையீரலிலும், பெரும்பாலும் மேல்பகுதியில், சிறு சிறு உருண்டைப் புள்ளிகளாகத் தெரியும். காசநோய்க்கும் மேல்பகுதிதான் பிடித்த இடம். ஆகவே ஒன்றை மற்றொன்றாக நினைப்பது எளிது. போதாக்குறைக்கு, தூசி படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். சிலருக்கு நிணநீர்க் கட்டிகளைச் சுற்றி முட்டை ஓடு போல மெல்லிய சுண்ணாம்புப் படிவு தெரியும். அது தூசி நோயைச் சுட்டும் ஒரு குறி.

இந்தத் தூசி நோய்களைப் படிப்பதற்கு உலகில் நல்ல பயிற்சி முறை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மாதிரிப் படங்களின் தொகுப்பு ஒன்றை வைத்திருக்கிறது. துணிக்கடையில் வண்ண மாதிரியைப் பக்கத்தில் வைத்து நூலின் நிறத்தைப் பார்ப்பது போல, நோயாளியின் படத்தை மாதிரிப் படத்தின் பக்கத்தில் வைத்து, புள்ளிகள் எவ்வளவு, எந்த வடிவம் என்று குறியிட வேண்டும். அமெரிக்காவில் 1974 முதல் இதற்கெனத் தனித் தேர்வு உண்டு. அதில் தேறியவர்களும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் தேர்வு எழுத வேண்டும். ஒருமுறை தேறினால் ஆயுள் முழுதும் போதும் என்ற எண்ணம் அங்கே இல்லை. நம் பாடத்திட்டமும் இதைக் கடைப்பிடிக்கலாம்.

கண்ணைப் பழக்கும் முறை

பயிற்சி எப்படி நடக்க வேண்டும்? என் சிற்றறிவுக்கு எட்டியவரை இவை முக்கியம்.

முதலாவது, ஒழுங்காகப் பார்க்கும் பழக்கம். ஒரு பிழையைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிடுவது மனித இயல்பு. தொலைந்த சாவி கிடைத்ததும் பையை மேலும் துழாவுகிறோமா? படத்தில் நிமோனியாவைக் கண்ட மகிழ்ச்சியில், பக்கத்து விலா எலும்பில் இருக்கும் முறிவைத் தவறவிடுவார்கள். ஆகவே மூச்சுக்குழாய், இதயம், நுரையீரல் உச்சி, காறை எலும்பின் பின்புறம், இதயத்தின் பின்புறம், உதரவிதானத்தின் கீழ்ப்புறம், எலும்புகள் என்று ஒவ்வொரு படத்திலும் ஒரே வரிசையில் பார்க்கக் கற்பிக்க வேண்டும்.

இரண்டாவது, விடையை மறைத்துப் படித்தல். மாணவர் தம் கருத்தை முதலில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிறகு மூத்தவர் தனியே எழுத வேண்டும். பின்னர் இரண்டையும் ஒப்பிட வேண்டும். இங்கிலாந்தில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்து 1948-இல் முடிவை வெளியிட்ட ஆய்வில், யாருக்கு மருந்து கொடுத்தார்கள் என்று தெரியாத மூவர் தனித்தனியாகப் படங்களைப் படித்தார்கள். பெரியவர் சொன்னதை ஆமோதிப்பது மரியாதையாக இருக்கலாம், பயிற்சி ஆகாது என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

மூன்றாவது, உண்மையோடு சரிபார்த்தல். மாணவர் படித்த ஒவ்வொரு படத்துக்கும் பிறகு என்ன ஆயிற்று என்று அவர் தேடிப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும். சளியில் கிருமி இருந்ததா? அறுவை சிகிச்சையில் என்ன கண்டார்கள்? மூன்று மாதம் கழித்து எடுத்த படம் எப்படி இருந்தது? இதைக் குறித்து வைக்கும் நோட்டுப் புத்தகம் ஒவ்வொரு மாணவரிடமும் இருக்க வேண்டும். எத்தனை படம் பார்த்தேன் என்ற கணக்கைவிட, எத்தனை படத்தில் தவறினேன் என்ற கணக்கு மேலானது.

நான்காவது, கூடிப் பேசுதல். நெஞ்சு நோய் மருத்துவர், அறுவை மருத்துவர், திசுவை ஆராயும் நோயியல் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட் நால்வரும் வாரம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார வேண்டும். நம் தேசியக் காசநோய் நிறுவனம் தொடக்க காலத்தில் மாவட்டக் குழுக்களைப் பயிற்றுவித்தபோது, மருத்துவரை மட்டும் அழைக்கவில்லை. சோதனைச் சாலை ஊழியர், எக்ஸ்ரே டெக்னீஷியன், சிகிச்சையை நடத்துபவர் என்று குழுவினருக்கெல்லாம் பயிற்சி கொடுத்தது. ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தெரிந்தால்தான் நோயாளி நடுவில் தொலையாமல் இருப்பார்.

ஐந்தாவது, கேள்வி கேட்கும் பழக்கம். இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு நோயாளியின் முகமே தெரிவதில்லை. வயது, தொழில், எத்தனை நாள் இருமல், முன்பு என்ன மருந்து என்று தெரியாமல் படிக்கும் படம் பாதிப் படம். சீட்டில் எழுதியிராவிட்டால், எழுந்து போய்க் கேட்கவும் தயங்கக் கூடாது. தாத்தாவுக்கு உதவியது ஒரு புதிய கருவி அல்ல, "என்ன வேலை பார்த்தீங்க?" என்ற ஒரு கேள்வி.

ஆறாவது, எழுத்து. மருத்துவரின் கையில் போய்ச் சேரும் அறிக்கை சுருக்கமாக, தெளிவாக இருக்க வேண்டும். கண்டது என்ன, அதற்கு என்ன பொருள், எவ்வளவு உறுதி, அடுத்து என்ன செய்யலாம் என்ற நான்கும் அதில் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதும் துணிவும், 'இது நலமான படம்' என்று எழுதும் துணிவும் வேண்டும். பரீட்சையில் அபூர்வ நோய்களை மட்டும் வைத்தால் மாணவர் எல்லாவற்றிலும் நோயையே காண்பார். பரீட்சைப் படங்களில் நலமானவையும் கலந்திருக்க வேண்டும்.

ஏழாவது, கதிரின் அளவு பற்றிய பொறுப்பு. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் நாம் பெறும் கதிர், இயற்கையாகச் சுமார் பத்து நாட்களில் பெறும் அளவுதான். வழக்கமான நெஞ்சு சி.டி. ஸ்கேனில் பெறுவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் அளவு. தேவைப்படும்போது அது உயிர் காக்கும், தேவையில்லாதபோது வீண் சுமை. 2020, 2021 கொரோனா ஆண்டுகளில் நம் வீடுகளில் எல்லாம் "சி.டி. ஸ்கோர் இருபத்தைந்துக்கு எவ்வளவு?" என்று பரீட்சை மார்க் கேட்பது போலக் கேட்டதை மறந்திருக்க மாட்டோம். லேசான நோய் உள்ளவர்களும் தாமாகவே போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டார்கள். 'இப்போது வேண்டாம்' என்று விளக்கிச் சொல்லக் கற்பதும் பாடத்திட்டத்தில் ஒரு பாடம்.

கம்ப்யூட்டர் படித்தால் போதாதா?

இளைஞர்கள் இப்போது கேட்கும் கேள்வி இது. நெஞ்சுப் படத்தைக் கம்ப்யூட்டரே படித்துக் காசநோய்ச் சந்தேகம் உண்டா என்று சொல்லும் முறை வந்துவிட்டது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் காசநோயைச் சலித்தெடுக்க இதைப் பயன்படுத்தலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. ரேடியாலஜிஸ்ட் இல்லாத சிற்றூருக்கு இது பெரிய வரம்.

ஆனால் கம்ப்யூட்டருக்கும் அதே எல்லைதான். அது சந்தேகத்தை எழுப்பும், சளியைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அது கற்ற படங்களில் சுரங்கத் தொழிலாளியின் நெஞ்சு குறைவாக இருந்திருந்தால், தூசிப் புள்ளியைக் காசநோய் என்று அதுவும் சொல்லக் கூடும். ஆகவே மாணவர் முதலில் தம் கருத்தை எழுத வேண்டும், பிறகுதான் கம்ப்யூட்டரின் விடையைத் திறக்க வேண்டும். முதலிலேயே விடையைப் பார்த்துவிட்டால் கண் பழகாது. கால்குலேட்டர் கையில் உள்ள பிள்ளைக்கு வாய்ப்பாடு மறந்துபோவதை நாம் வீட்டிலேயே பார்க்கிறோமே.

நாம் செய்யக் கூடியவை

பாடத்திட்டம் கல்லூரியின் பொறுப்பு. குடும்பங்களின் பொறுப்பும் கொஞ்சம் இருக்கிறது.

பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பத்து ஆண்டுக்கு முன்பும் அதே தழும்பு இருந்தது என்று காட்டினால், ஒரு ஸ்கேனும் பல நாள் கவலையும் மிச்சமாகலாம். படத்தை மடிக்காமல், ஈரம் படாமல் வையுங்கள். குறுந்தகடோ, செல்போனில் வந்த படமோ ஆனாலும் பத்திரப்படுத்துங்கள். எழுத்து அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

படம் எடுக்கப் போகும்போது சங்கிலி, தாயத்தைக் கழற்றி, பின்னலை உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று தோன்றினாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் உங்கள் தொழிலையும், முன்பு பார்த்த தொழிலையும் நீங்களே சொல்லுங்கள்.

படத்தை மட்டும் பார்த்துக் காசநோய் என்றால், "சளிப் பரிசோதனை செய்யலாமா டாக்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். அரசுக் காசநோய்த் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சளியில் தெரியாவிட்டாலும் மருந்து தேவைப்படும் நோயாளிகள் உண்டு. ஆகவே மருத்துவர் காரணம் சொல்லித் தொடங்கும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கேட்பது உரிமை, நிறுத்துவது ஆபத்து.

எங்கள் தெருப் பெண் முதல் விடுமுறைக்கு வந்தபோது பீரோ மேலிருந்த உறையை இறக்கினாள். பாட்டி படத்தை வாங்கி, வழக்கம்போல ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டப் போனார். பேத்தி தடுத்தாள். படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல நீங்க சொல்லுங்க பாட்டி. தாத்தா எந்த வயசுல சுரங்கத்துல இறங்கினாரு? மொத்தம் எத்தனை வருஷம் கல்லு துளைச்சாரு?"

பாட்டி சொல்லத் தொடங்கினார். அன்று மாலை வரை சொன்னார்.